பிரீசாவின் மந்தை

போன ஏப்ரலில், ஒரே நாளில், வேலை போன இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் என் கணவர் பல்தசார். இன்னொன்று அவருடைய நாய் பிரீசா. இரண்டு பேரையும் நான் கேட்டு வாங்கவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் முப்பத்தொரு வருடம் அவர் ஆட்டுப் பண்ணையிலும் நான் புந்தா அரேனாஸ் நகரத்திலுமாகக் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், தடவைக்குப் பதினைந்து நாள் இருப்பார். பேருந்து நிலையத்துக்குப் போய் நான்தான் கூட்டி வருவேன். லீவு முடிந்ததும் நான்தான் கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். பதினைந்து நாளைக்கு எந்த ஆம்பளையும் தங்கமான புருஷனாக இருந்துவிட முடியும். வருடம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷன் எனக்குப் பழக்கமில்லை.

இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குதிரை ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் குதிரையும் நாயும் மேய்ப்பரின் சொந்தம், பண்ணையின் சொந்தமில்லை. ஆள் கிளம்பினால் அவையும் கிளம்பும். குதிரைகள் இரண்டையும் விற்றுவிட்டுச் சேணத்தோடும் நாயோடும் வந்து இறங்கினார். பிரீசாவுக்கு அப்போது நான்கு வயது, நன்றாக வேலை செய்கிற பருவம். மூன்று மேய்ப்பர்கள் கேட்டும் கொடுக்கவில்லையாம். கொடுத்திருக்கலாமே, இந்த வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டுக்குப் பழகிவிடும் என்றார். தன்னைப் பற்றிக் கேட்டபோதும் அதே பதிலைத்தான் சொன்னார்.

பிரீசாவைப் பார்த்தவுடன் யாரும் பெரிதாக மதித்துவிட மாட்டார்கள். சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு, கண்ணை மறைக்கிற சடை முடி, கிழவன் மாதிரி தாடி. உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் பண்ணைகளிலேயே உருவான ஜாதி அது. அழகுக்காக யாரும் வளர்த்ததில்லை. பனியிலும் காற்றிலும் நாள் முழுக்க ஓடி, ஆயிரம் ஆட்டை ஒற்றை ஆளுக்காக மடக்கிக்கொண்டு வந்து பட்டியில் அடைப்பதற்காக வளர்த்தது.

வேலை நாய் வாசற்படி தாண்டக் கூடாது என்பது பண்ணைச் சட்டம். அந்தச் சட்டம் நாய்க்கும் தெரிந்திருந்தது. கொல்லையில் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மழை பெய்தாலும் அசையாது. எங்கள் பக்கத்தில் குளிர்காலம் தொடங்குகிற மே மாதக் கடைசியில், தரையெல்லாம் கண்ணாடியாக உறைந்துபோன ஒரு காலையில், அதன் தாடியில் பனிக்கட்டி தொங்குவதைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன்.

மாத்தே என்கிற கசப்பு இலைத்தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்தார். "வேணாம் கிழவி. வீட்டு வாசன பட்டா நாய் கெட்டுப்போயிடும்."

"உனக்கு மட்டும் படலாமா?" என்றேன்.

கிழவி, கிழவா என்பது எங்கள் ஊர்க் கணவன் மனைவிக்குள் சாதாரணம். கல்யாணமான மறுநாளே, இருபத்திரண்டு வயதில், அவர் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிட்டார். இப்போதுதான் அந்தப் பேர் எனக்குப் பொருந்தி வந்திருக்கிறது.

உள்ளே வந்த நாய் அடுப்பு ஓரமாகச் சுருண்டு படுத்துவிடும் என்று நினைத்தேன். படுக்கவில்லை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில், இரண்டு பக்கமும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. முன்னறையில் நான் தையல் வேலை செய்கிறேன், பள்ளிச் சீருடையும் துறைமுகத்துக்காரர்களின் வேலை உடுப்பும். அவர் சமையலறையில் வானொலி கேட்பார். நான் இங்கே, அவர் அங்கே என்று இருந்தால் அந்த நாய்க்கு நிலைகொள்ளாது. என்னை வந்து பார்க்கும், அவரைப் போய்ப் பார்க்கும், மூக்கால் அவர் முழங்காலைத் தள்ளும். அவர் எழுந்து வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பெருமூச்சு விட்டுக்கொண்டு தலையைச் சாய்க்கும். முப்பத்தொரு வருடத்தில் பேசாததையெல்லாம் அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பேசினோம். பாதியாவது அந்த நாய் உட்கார வைத்துப் பேச வைத்தது.

அளவு கொடுக்க வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு நாள் நான்கு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போய்த் திரும்பி வந்து பார்த்தால் நால்வரும் ஜன்னல் மூலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை, யாரையும் தொடக்கூட இல்லை. முன்னால் இப்படியும் அப்படியும் மெதுவாக நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை, எப்படியோ வந்துவிட்டோம் என்றார்கள்.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு யாத்ரான்காவின் கோழிக்கூண்டைக் காற்று பெயர்த்துத் தள்ளியது. பதினேழு கோழிகள் குடியிருப்பு முழுக்கச் சிதறி ஓடின. யாத்ரான்கா எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி, பெரிய குரல்காரி. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு கத்துகிறாள், பல்தசார் வாசலில் நின்று இரண்டு தடவை சீட்டியடித்தார். அரைமணி நேரத்தில் பதினேழும் எங்கள் கொல்லையில் இருந்தன. ஒரு இறகுகூட உதிரவில்லை. கடைசிக் கோழி ஒரு காருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. பிரீசா அதற்கு முன்னால் படுத்து, தாடியைத் தரையில் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தது. கோழி வெட்கப்பட்ட மாதிரி எழுந்து நடந்தது. நான் அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன், இப்படி ஒரு புத்தியை நான் பள்ளிக்கூடம் போனவர்களிடம்கூடப் பார்த்ததில்லை என்று. பல்தசார் முகம் சிவந்துவிட்டது. அவரை நான் புகழ்ந்திருந்தால்கூட அப்படிச் சிவந்திருக்காது.

ஒரே ஒரு கேள்வி மட்டும் எனக்கு இருந்தது. அவர் தினமும் காலை பத்து மணிக்கு நாயோடு ரொட்டி வாங்கப் போவார். ரொட்டிக்கடை ஆறு நிமிட நடை. திரும்பி வரப் பன்னிரண்டு ஆகிவிடும். யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம்தான் வீடு எனக்கே எனக்கு என்று இருந்தது, அதனால் நான் துருவவில்லை.

நவம்பரில் வந்தது வினை. மின்மீட்டர் பார்க்கிறவர் மாதம் ஒருமுறை வீடு வீடாக வருவார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. மேய்ச்சல் நாயின் கண்ணுக்கு அவர் யார்? கூட்டத்தை விட்டுப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கிற ஆடு. பிரீசா வேலி தாண்டிப் போய் அவரை மடக்கி எங்கள் கேட்டுக்குக் கொண்டுவந்து விட்டது. அவர் திட்டிவிட்டு மறுபடி போனார். மறுபடி கொண்டுவந்து விட்டது. மூன்றாவது தடவை அவர் ஓடினார். ஓடுகிற ஆட்டைக் குதிகாலில் கவ்வி நிறுத்துவது அதன் வழக்கம். பூட்ஸ் தோலில் இரண்டு பல் பதிந்தது, கால் தப்பியது.

இனிமேல் இந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். சங்கம் கூடியது. அதற்குள் யாத்ரான்காவின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரையும் விறகுக் குவியலுக்கும் வேலிக்கும் நடுவில் நாய் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்த கதையும் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரே குஷி, அது வேறு விஷயம். நாயைக் கட்டிப்போட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது.

அதற்கு மேல் ஒரு படி போனது நான்தான். இது வரைக்கும் யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். திங்கட்கிழமை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பண்ணை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, மலைக் குடில்களுக்கு ரேடியோவில் செய்தி சொல்வார்கள். பல்தசாரின் குடிலில் இப்போது நிவால்தோ என்ற மேய்ப்பன் இருக்கிறான். நாய் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகட்டும் என்று சொல்லச் சொன்னேன். வேலை செய்கிற நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவதைவிட வேலைக்கு அனுப்புவது மேல் என்பது என் நியாயம். அந்த நியாயத்தில் தப்பில்லை. கேட்காமல் செய்தேனே, அதுதான் தப்பு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். சண்டை போடுவார் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வெகுநேரம் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, சரிதான், வேலை இருக்கிற இடத்துக்குப் போகட்டும் என்றார். எழுந்து கொல்லைக்குப் போய் அதைச் சங்கிலியில் கட்டிவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

செவ்வாயும் புதனும் அவர் ரொட்டி வாங்கப் போகவில்லை. இடுப்பு வலி என்றார். வியாழக்கிழமை வீட்டில் ரொட்டி தீர்ந்துவிட்டது. அன்றைக்குக் காற்று பேய்க்காற்று. நகரின் நடுச் சதுக்கத்து மூலைகளில் ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டிவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கு முடிக்க வேண்டிய சீருடை எட்டு இருந்தது. ரொட்டி வாங்கி வரச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கட்டிக் கிடந்த நாயைப் பார்த்தார்.

"முப்பத்தொரு வருஷம் காத்துலயே குடியிருந்த ஆளு, இப்ப இந்தக் காத்துக்குப் பயமா?" என்றேன்.

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியதுமே கொல்லையில் சங்கிலிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாய் குரைக்கவில்லை. சங்கிலி எட்டுகிற மட்டும் அரைவட்டமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. பதினொரு மணிக்குப் பார்த்தேன், நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கும் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்குச் சூப் ஆறிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரைக்கு அந்தக் கோபம் வேறு எதுவாகவோ மாறிவிட்டது. இந்த ஆள் போனை வெளியே எடுத்துப் போனால் கெட்டுப்போய்விடும் என்று கைக்குட்டையில் சுற்றி இழுப்பறையில் வைத்திருப்பவர். கோட்டை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் அவர் பத்தரைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றாள். பிறகு, இன்றைக்கு ஏன் நாய் வரவில்லை என்று கேட்டாள். கட்டிப்போட்டிருக்கிறோம் என்றேன். அவள் முகம் மாறியது.

"அப்ப எப்படி வீட்டுக்குப் போவாரு?" என்றாள். "தினமும் கடைய விட்டு இறங்கினதும் 'வீட்டுக்கு'ன்னு அதுகிட்டதானே சொல்லுவாரு. அது முன்னால போகும், அவரு பின்னால போவாரு."

ஆறு நிமிட நடை. காற்றுக்கு எதிரே அதை நான் எப்படித் திரும்பி ஓடினேன் என்று தெரியவில்லை. சங்கிலியை அவிழ்த்தேன். அவரைத் தேடு என்று எப்படிச் சொல்வது, அவருடைய சீட்டி எனக்கு அடிக்கத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது வேலியைத் தாண்டிவிட்டது.

கடைப் பக்கம் போகவில்லை. முனையில் நின்று மூக்கை மேலே தூக்கிக் காற்றை வாங்கியது. பிறகு மேட்டுப் பக்கம் திரும்பியது. நான் வேலிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கண்ணுக்கு மறைகிற தூரம் போனதும் திரும்பி வரும், நான் வருகிறேனா என்று பார்க்கும், மறுபடி ஓடும். ஒரு தகரத் துண்டு எங்கள் தலைக்கு மேல் பறந்து போனது. எங்கள் குடியிருப்பைத் தாண்டி, அடுத்த குடியிருப்பைத் தாண்டி, மூன்றாவதின் கடைசியில், அதற்கு மேல் வெறும் புல்மேடுதான் என்கிற இடத்தில், ஒரு பேருந்து நிழற்குடை இருந்தது. அதில் பல்தசார் உட்கார்ந்திருந்தார்.

ரொட்டியைக் காற்று படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. பிரீசா அவர் மேல் பாயவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய் முழங்காலை மூக்கால் தள்ளியது, எழுந்திரு என்கிற மாதிரி.

"எதுக்கு வந்தே?" என்றார் என்னைப் பார்த்து.

"ரொட்டி வாங்க," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த புல்மேட்டைப் பார்த்துக்கொண்டு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். பண்ணையில் மேற்குக் காற்று ஒருபோதும் திசை மாறாது. மூடுபனியில் குதிரையின் காது தெரியாவிட்டாலும், காற்றை இடது கன்னத்தில் வாங்கிக்கொண்டு போனால் குடில் வந்துவிடும். அப்படித்தான் முப்பத்தொரு வருடம் வீடு திரும்பினார். இங்கே காற்று ஒவ்வொரு வீட்டு மூலையிலும் திரும்புகிறது. இடது கன்னத்தில் வாங்கி நடந்தால் அடுத்த முனையில் வலது கன்னத்தில் அடிக்கிறது, அதற்கடுத்த முனையில் முதுகில். வீடுகள் எல்லாம் அரசாங்கம் ஒரே அச்சில் வார்த்தவை. தெருப் பலகைகளைப் போன வருடக் காற்றே கொண்டுபோய்விட்டது.

"கடல் எந்தப் பக்கம்னு தெரியும் கிழவி, அப்படியே எறங்கிக் கடைக்குப் போயிடுவேன். வீடு எந்தப் பக்கம்னுதான் தெரியல."

யாரையாவது கேட்டிருக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்டதே தப்பு என்று புரிந்தது. மேய்ப்பர்களுக்குள் வழி கேட்பதைப்போல அவமானம் கிடையாது. ஒருவன் ஒரு தடவை கேட்டுவிட்டான் என்று பண்ணையாட்கள் தங்குகிற படுக்கைக் கொட்டகையில் மூன்று குளிர்காலம் அவனைக் கிண்டல் செய்தே கொன்றார்கள். கிண்டல் செய்தவர்களில் பல்தசாரும் உண்டு. அவனை நினைத்துக்கொண்டுதான் நான்கு மணி நேரம் அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு பேருந்துகள் நின்று கதவைத் திறந்தபோது எதற்கோ காத்திருக்கிற மாதிரி கையை ஆட்டி அனுப்பியிருக்கிறார்.

வந்த முதல் வாரத்திலேயே வழி தப்பிவிட்டதாம். அன்றைக்கு பிரீசா வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கப்புறம் தினமும் அதுதான். நான் ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்த அந்த இரண்டு மணி நேரமும், தெருக்களைப் பழகிவிட வேண்டும் என்று அவர் நாயோடு சுற்றிச் சுற்றிப் பார்த்த நேரம். ஏழு மாதத்தில் பழகவில்லை. நாயைக் கூப்பிட்டு "வீட்டுக்கு" என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறார்.

"நாய அனுப்பிடலாம்னதும் சரின்னியே. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என்ன பண்றதா இருந்தே?"

"வெளிய போகாம இருந்துடலாம்னு நெனச்சேன்," என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்மேல் வந்தது அதைவிட அதிகம். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனுஷன் ஏழு மாதமாகத் தொலைந்து போய்க்கொண்டிருக்கிறார், நாய்க்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அழுதேன். காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

என் அழுகைக்கெல்லாம் பிரீசாவுக்குப் பொறுமை இல்லை. இருவரையும் எழுப்பியது. முன்னால் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. பின்னால் வந்தது. அவர் தெருவோரம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் வந்து என்னோடு சேர்த்தது, நான் வேலியைப் பிடிக்க விலகினால் இந்தப் பக்கம் வந்து அவரோடு சேர்த்தது. என் கெண்டைக்காலில் அதன் மூக்கு நாலைந்து தடவை பட்டது. மடக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நான்கு பெண்கள் ஏன் மூலையில் போய் நின்றார்கள் என்றும் புரிந்தது. ஒருத்தர் உன்னை விட்டுவிடப் போவதில்லை என்று தெரிந்தால் நடப்பது சுலபமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை யாத்ரான்கா வீட்டுக்குப் போனேன். மீட்டர்காரர் வருகிற நாளில் நாயை உள்ளே பூட்டி வைக்கிறேன், மற்ற நாளில் அவிழ்த்துவிட அனுமதி வேண்டும் என்றேன். காரணத்தை நான் சொல்லவில்லை.

"நாய் முன்னால, பல்தசார் பின்னால போறத தெருவே தினம் பாக்குது நெல்டா. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்," என்றாள். "கட்டிப்போடுன்னுதான் நாங்க சொன்னோம். அனுப்புன்னு யாரு சொன்னா?"

சரி, அவிழ்த்துவிடு என்று அவளே கதவு வரை வந்து சொன்னாள்.

நிவால்தோவை நிறுத்துவதற்கு வழியில்லை. அடுத்த ரேடியோ திங்கட்கிழமைதான். ஞாயிறு மத்தியானம் வண்டியோடு வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டிக்கார முகம். எங்களுக்கு ஒரு ஆட்டுத் தொடை கொண்டுவந்திருந்தான். வாசலில் நின்றபடியே மூவரும் மாத்தே குடித்தோம். இரண்டாயிரம் ஆடு, மூன்று வாரத்தில் மயிர் கத்தரிப்பு, தன்னிடம் இருக்கிற நாய் இரண்டும் எதற்கும் உதவாது என்று சொன்னான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஒரு சீட்டி அடித்தான்.

பிரீசாவுக்கு உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. வண்டி முழுக்க ஆட்டு வாசனை. ஒரே பாய்ச்சலில் போய் முன்கால் இரண்டையும் அதன் விளிம்பில் வைத்தது. காது நிமிர்ந்து, சடைக்குள் கண் பளபளவென்று, ஏழு மாதத்தில் நான் பார்க்காத ஒரு நாய் அங்கே நின்றது. அவ்வளவு அழகாக இருந்தது. எந்த வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலை அதைக் கூப்பிடுகிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

"பாத்தீங்களா தோன் பல்தசார்," என்று பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொன்னான் நிவால்தோ. "இப்படி ஒரு நாயக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறது பாவம். இங்க அவளுக்கு என்ன வேல இருக்கு?"

அந்த வேலை என்ன என்று இவனிடம் சொன்னால் இன்றைக்குச் சாயங்காலமே விஷயம் படுக்கைக் கொட்டகைக்குப் போய்விடும். முப்பத்தொரு வருடம் அந்த மலையில் பெயர் எடுத்த மனுஷன், மூன்று குளிர்காலம் சிரிப்புக்கு ஆளாவார். அவருடைய ரகசியத்தை விற்று நாயை வாங்க எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை கேட்காமல் செய்து பார்த்தாயிற்று. அது எங்களுக்குப் பழகிவிட்டது என்று என்னவோ முனகினேன். நிவால்தோ மரியாதையாகத் தலையாட்டினான், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல்தசார் கேட் வரை நடந்து போய்க் குவளையைக் கம்பத்தின் மேல் வைத்தார்.

"எனக்கு வீட்டுக்கு வழி தெரியல நிவால்தோ," என்றார். "இந்த ஊர்ல நான் தொலஞ்சு போயிடறேன். வியாழக்கெழம நாலு மணி நேரம் தொலஞ்சு போய் உக்காந்திருந்தேன். பிரீசாதான் வந்து கண்டுபிடிச்சா. ஏப்ரல்லேருந்து அவதான் என்னை வீட்டுல கொண்டாந்து விடறா."

ஒரு மேய்ப்பன் இன்னொரு மேய்ப்பனிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வந்து கேட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்காது. நான் வாசலிலேயே நின்றேன். அவர் கேட்டருகே தனியாக நின்றார்.

வண்டி விளிம்பில் கால் வைத்திருந்த பிரீசா திரும்பிப் பார்த்தது. அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நடுவில் கிடந்த பத்தடித் தூரத்தைப் பார்த்தது. ஆட்டு வாசனையை ஒரு தடவை நன்றாக இழுத்துக்கொண்டது. பிறகு காலைக் கீழே இறக்கி, அவருக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, முழங்காலில் மூக்கை வைத்துத் தள்ளித் தள்ளி, என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. நிறுத்திவிட்டு எதிரே படுத்துக்கொண்டது.

நிவால்தோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். புதிய குடிலுக்குப் போகிற மேய்ப்பனிடம் எத்தனை ஆடு என்று கணக்குக் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"அவ மந்தையில எத்தன உருப்படி?"

"ஒண்ணு," என்றார் பல்தசார்.

"ஒழுங்கா எண்ணு கிழவா," என்றேன். "ரெண்டு."

நிவால்தோ போய் வண்டியின் பின்கதவைச் சாத்தினான்.